பருமனான குழந்தைகளில் கொழுப்புக் கல்லீரல் நோய்

மதுப் பழக்கம் இல்லாத ஒருவரின் கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்பு தேங்குவதே மதுசாராக் கொழுப்புக் கல்லீரல் நோய். மருத்துவமனைப் பேச்சில் இது ‘ஃபேட்டி லிவர்’. இதன் அழற்சி நிலைக்கு 1980-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லுட்விக் குழுவினர் பெயரிட்டனர். அவர்கள் கண்டது பெரியவர்களிடம். 1983-இல் பருமனான மூன்று குழந்தைகளிடமும் அதே நிலை பதிவாயிற்று. 2023-இல் பன்னாட்டுக் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் நோயின் பெயரை வளர்சிதைமாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய் என்று மாற்றின. மதுவையே அறியாத சிறுவனின் நோய்ப் பெயரில் மது இருக்க வேண்டியதில்லை என்பதால் இம்மாற்றம் வரவேற்கத்தக்கது.

இந்திய ஆய்வுகளைத் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி, பருமனான குழந்தைகளில் சுமார் 63 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் சுமார் 12 சதவீதத்தினருக்கும் இந்நோய் உள்ளது. மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளும் இதில் அடக்கம் என்பதால் பொதுச் சமூக நிலவரமாக இதை அப்படியே கொள்ள முடியாது. இலங்கையின் ராகமையில் சுமார் 500 வளரிளம் பருவத்தினரைச் சோதித்தபோது 8.4 சதவீதத்தினரிடம் நோய் காணப்பட்டது.

சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அதன் பெரும்பகுதியைக் கல்லீரலே கையாள்கிறது. மிஞ்சுவதைக் கொழுப்பாக்கிச் சேர்த்து வைக்கிறது. வயிற்றுக் கொழுப்பு கூடக்கூட இன்சுலின் சரிவர வேலை செய்யாது. அப்போது கொழுப்புத் திசுவிலிருந்து கரையும் கொழுப்பும் கல்லீரலில் வந்து சேரும். 2008-இல் கண்டறியப்பட்ட பி.என்.பி.எல்.ஏ.3 மரபணு மாற்றம் சிலரிடம் இந்தத் தேக்கத்தை மேலும் கூட்டுகிறது. நெல்வயல் சூழ்ந்த வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துப் பெட்டிக்கடைகளிலும் குளிர்பானமும் நொறுக்குத்தீனிப் பொட்டலமும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கின்றன. இதை நகரத்துப் பிள்ளைகளின் நோய் என்று ஒதுக்குவது தவறு.

பெரும்பாலும் வலி இருக்காது. சில குழந்தைகள் களைப்பு என்றோ வலது விலாவுக்குக் கீழ் பாரமாக இருக்கிறது என்றோ சொல்வார்கள். வெளியே தெரியும் முக்கியமான தடயம் கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் படரும் தடித்த கருமை. அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கும் வீடுகள் உண்டு. அது அழுக்கு அன்று, தேய்த்தால் போகாது. இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டுவது மற்றோர் எச்சரிக்கை. ‘கொழுகொழு’ என்று கொஞ்சப்படும் பிள்ளையின் இடுப்பை யாரும் அளப்பதில்லை.

பருமனான குழந்தைகளை 9 முதல் 11 வயதுக்குள் சோதிக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை-குடல் மருத்துவ வழிகாட்டுதல். முதல் சோதனை எஸ்.ஜி.பி.டி. என்னும் இரத்தப் பரிசோதனை. ஆய்வுக்கூடச் சீட்டில் பெரும்பாலும் 40 வரை இயல்பு என்று அச்சிட்டிருக்கும். அவ்வழிகாட்டுதலோ சிறுவர்களுக்கு 26, சிறுமிகளுக்கு 22 என்பதையே மேல்வரம்பாக வைக்கிறது. 35 என்று வந்த சீட்டை இயல்பு என்று மடித்து வைத்துவிட்டால் நோய் நழுவிவிடும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் லேசான கொழுப்பு தெரியாமலும் போகலாம். குழந்தைகளில் கொழுப்புக் கல்லீரல் தெரிந்தால் தாமிரம் தேங்கும் வில்சன் நோய் இல்லை என்றும் உறுதி செய்ய வேண்டும்; அது மருந்தால் கட்டுப்படக்கூடியது.

கவனிக்கப்படாத கொழுப்பு சிலரிடம் அழற்சியாகி, தழும்பாகி, கல்லீரல் இறுக்கம் வரை போகும். மேயோவில் 66 குழந்தைகளை 20 ஆண்டுகள் வரை தொடர்ந்த ஆய்வில் இருவருக்குக் கல்லீரல் மாற்றப்பட்டது. மாற்றிய கல்லீரலிலும் நோய் திரும்பி வந்தது.

குழந்தைகளுக்கென ஏற்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. வைட்டமின் ஈ, மெட்ஃபார்மின் இரண்டையும் சோதித்த 2011 ஆய்வில், எஸ்.ஜி.பி.டி. நொதி அளவை நிலையாகக் குறைப்பதில் அவை வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. உணவும் உடலுழைப்புமே சிகிச்சை. பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதித்தது. இந்த விதி கடைத்தெருவில் நடைமுறையாக வேண்டும். 2021-இல் மத்திய அரசு இந்நோயைத் தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்தது.

பிள்ளைக்கு மட்டும் பத்தியம் போட்டுவிட்டு மற்றவர்கள் இனிப்பு சாப்பிடும் வீட்டில் எந்தச் சிகிச்சையும் நிலைக்காது. 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 40 வளரிளம் சிறுவர்கள் பங்கேற்றனர். சர்க்கரையை ஏறக்குறைய விலக்கியவர்களின் கல்லீரல் கொழுப்பு 8 வாரங்களில் 25 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக இறங்கியது. அவர்களுடைய வீடுகளில் குடும்பத்தார் அனைவருக்கும் அதே உணவுதான் வழங்கப்பட்டது.