சான்றிதழுக்கு முன்னே ஒரு மதிப்பீடு: தமிழ்வழிக் குழந்தைகளின் வாசிப்பு, கணக்குக் குறைபாடுகள் குறித்து

டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு), டிஸ்கால்குலியா (கணக்குக் குறைபாடு) ஆகிய கற்றல் குறைபாடுகளுக்காகக் குழந்தையைச் சோதிக்கும் பேச்சு தமிழ்நாட்டில் பெரும்பாலும் பொதுத்தேர்வை ஒட்டியே எழுகிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்குச் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்பு நெருங்கும்போது பெற்றோர் மருத்துவமனைக்கு அலைகிறார்கள். அச்சலுகைகள் குழந்தையின் உரிமை. ஆனால் சலுகைக்குத் தகுதி உண்டா என்று தீர்மானிக்கும் சோதனை ஒன்று. நாளை வகுப்பில் இந்தக் குழந்தைக்கு எதைக் கற்பிப்பது என்று ஆசிரியருக்குச் சொல்லும் மதிப்பீடு மற்றொன்று. பின்னது எட்டு வயதுக்கு முன்பே, குழந்தை படிக்கும் மொழியிலேயே நடந்தாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சட்டமும் நெறிமுறையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஏற்றுக்கொண்ட 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து, தக்க கற்பித்தல் நடவடிக்கைகளை எடுக்கும் கடமையைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கல்வி நிறுவனங்கள்மீது சுமத்துகிறது. இச்சட்டத்தின்கீழ் 2018 ஜனவரியில் வெளியான நெறிமுறைகளோ எட்டு வயது நிறைந்தபின்பே சான்றிதழ் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்க வேண்டும் என்றும் வகுத்தன. இவ்வயது வரம்புக்கு நியாயம் உண்டு. தொடக்கத்தில் தடுமாறும் பிள்ளைகள் பலர் ஓரிரு ஆண்டுகளில் தேறிவிடுகிறார்கள். அவசரப்பட்டுப் பெயர் சூட்டுவது தவறு. சிக்கல் நடைமுறையில்தான் இருக்கிறது. சான்றிதழுக்கான வயதே உதவிக்கான வயதாகவும் கொள்ளப்படுகிறது. அதற்குள் பள்ளி வாழ்வின் முதல் மூன்றாண்டுகள் கழிந்துவிடுகின்றன. இத்தனைக்கும், நெறிமுறைகள் பரிந்துரைத்த, நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பிலேயே 5 முதல் 7 வயதினருக்கென ஒரு பகுதி உண்டு.

அதே நெறிமுறைகள் நுண்ணறிவு ஈவு 85-க்கு மேல் இருந்தால் மட்டுமே கற்றல் குறைபாட்டுச் சோதனைக்குச் செல்லலாம் என்றன. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்னும் மனநலக் கோளாறுகளின் கையேடு, நுண்ணறிவுக்கும் கல்வி அடைவுக்கும் இடையிலான இடைவெளியை அளவுகோலாகக் கொள்வதைக் கைவிட்டது. இடர்ப்பாட்டை நோக்கி அளிக்கப்பட்ட உதவிக்குப் பிறகும் அது ஆறு மாதமாவது நீடிக்கிறதா என்பதை அக்கையேடு நிபந்தனையாக வைத்தது. அதாவது கற்பித்துப் பார்ப்பதும் மதிப்பீட்டின் பகுதியே. நுண்ணறிவு ஈவு 82 பெற்ற குழந்தை எழுத்துக்கூட்டத் திணறும்போதும் அதற்குத் தேவைப்படுவது அதே பயிற்சிதான்.

எந்தப் பிழை எதைக் காட்டும்?

ஆங்கில வாசிப்பின் அளவுகோலைத் தமிழுக்கு அப்படியே பொருத்த முடியாது. 247 எழுத்துகளின் ஒழுங்கைப் பிடிக்கக் காலம் ஆகும். கன்னடப் பள்ளிகளில் சோனாலி நாக் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகளைக் கற்பதே தொடக்கப் பள்ளியின் பிந்தைய வகுப்புகள் வரை நீள்வதைக் காட்டியது. தமிழில் ‘கொ’ என்று எழுதக் குழந்தை முதலில் ஒற்றைக் கொம்பையும், பிறகு ககரத்தையும், கடைசியில் துணைக்காலையும் இடுகிறது. காதில் விழும் வரிசை வேறு, கை எழுதும் வரிசை வேறு. இதில் முதல் வகுப்பில் தடுமாறுவது இயல்பு. பேச்சில் ல, ள, ழ வேறுபாடு இல்லாத வட்டாரத்துக் குழந்தை அவற்றை மாற்றி எழுதுவதும் குறைபாட்டுக்குச் சான்றாகாது.

சான்றாகக்கூடியவை வேறு. பாடத்தை விரல் வைத்துக்கொண்டு பிழையின்றி ஒப்பிக்கும் குழந்தை, அதிலுள்ள ஒரு சொல்லை ஆசிரியர் கரும்பலகையில் தனியே எழுதிக்காட்டினால் நின்றுவிடும். அது வாசிக்கவில்லை, மனப்பாடம் செய்திருக்கிறது. ‘லமீசு’, ‘பகீமு’ போன்ற பொருளற்ற சொற்களைக் கொடுத்தால் நினைவின் துணை அற்றுப்போய் எழுத்துக்கூட்டும் திறன் மட்டும் தெரியவரும். ‘கடல்’ என்பதில் முதல் எழுத்தை நீக்கிச் சொல்லச் சொன்னால் ஒலிகளைப் பிரித்தறியும் திறன் புலப்படும்.

கணக்கிலும் இதே கவனம் தேவை. ‘தொண்ணூற்றாறு’ என்று சொன்னதும் ஒரு குழந்தை 106 என்று எழுதினால், அதன் காதில் நின்றது ‘நூற்றாறு’. அதே குழந்தை இரண்டு புள்ளிக் கூட்டங்களில் எது அதிகம் என்று பட்டெனச் சொன்னால், இடர்ப்பாடு எண்ணுப்பெயரில் இருக்கிறது. புள்ளிகளை ஒப்பிடவும் திணறி, நான்காம் வகுப்பிலும் 4-உடன் 3-ஐக் கூட்ட ஒன்றிலிருந்தே விரல்விட்டு எண்ணினால் டிஸ்கால்குலியா சோதனை அவசியம். எதற்கும் முன்னதாகக் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட வேண்டும்.

செய்யக்கூடியது

மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் வெளியிட்ட ‘டாலி’ என்னும் டிஸ்லெக்சியா மதிப்பீட்டுத் தொகுப்பு இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் தொடங்கியது. 1, 2ஆம் வகுப்புகளுக்கென்றே அதில் ஆசிரியர் பயன்படுத்தும் கருவி உண்டு. எனவே இந்திய மொழியில் சிறுவயது மதிப்பீடு இயலாது என்ற வாதம் நிற்காது. தமிழ்நாட்டில் அடித்தளமும் இருக்கிறது. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. தொடர்ந்து இரண்டு பருவம் கற்பித்த பின்னும் அரும்பிலேயே நிற்கும் குழந்தையின் பதிவேடு, டிஎஸ்எம்-5 கேட்கும் ஆதாரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டைச் சிறப்புப் பயிற்றுநரின் கையில் சேர்ப்பதும், மேற்சொன்னவை போன்ற சோதனைகளுக்குத் தமிழ்க் குழந்தைகளிடமே வகுப்புவாரியான அளவுநிலைகளைத் திரட்டுவதும் அடுத்த பணிகள்.

சிறுவயதிலேயே முத்திரை குத்திவிடுவோமே என்ற அச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் முத்திரை இப்போதும் விழத்தான் செய்கிறது. ‘சோம்பேறி’, ‘மக்கு’ என்பவை எந்தச் சோதனையுமின்றி வழங்கப்படும் பெயர்கள். சான்றிதழுக்கு முந்தைய மதிப்பீடு எந்தப் பெயரையும் சூட்ட வேண்டியதில்லை. எந்த எழுத்தில் தடை, எந்த எண்ணில் தடை, அடுத்து என்ன பயிற்சி என்று ஒரு பக்கத்தில் எழுதி ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் கொடுத்தால் போதும். எட்டு வயதில் அந்தக் குழந்தைக்குச் சான்றிதழ் தேவைப்பட்டால் அந்தப் பக்கமே முதல் ஆவணமாகும்; தேவைப்படாமல் போனால் மதிப்பீடு தன் வேலையை முழுமையாகச் செய்துவிட்டது என்று பொருள்.