காட்சியாகாத சமவெளி

'நிலக்காட்சி' என்ற சொல் நம் ஓவிய விமர்சனத்தில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. நிலமும் காட்சியும் ஒட்டியே பிறந்த மாதிரி ஒரு தோற்றத்தை அந்தக் கூட்டுச்சொல் உண்டாக்கிவிடுகிறது. வயலில் குனிந்து நாற்று நடுகிறவளுக்கு வயல் காட்சியாவதில்லை. வரப்பில் குடைபிடித்து நிற்கிற பண்ணையாருக்கு அது பாதிக் காட்சி, பாதிக் கணக்கு. இந்த இருவரையும் சேர்த்துத் தூரத்திலிருந்து ஒரு சட்டகத்துக்குள் அடைத்துப் பார்க்கிறவனுக்குத்தான் அது முழுக் காட்சி. அந்த மூன்றாவது ஆள் இங்கே எப்போது வந்தான், எந்தப் பருவத்தில் வந்தான், வரைந்ததை எங்கே கொண்டுபோய் அச்சடித்தான் என்று கேட்கத் தொடங்கினால் வைகைக் கரையின் வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கிறது.

கேள்வியைச் சோழவந்தானில் வைத்துக் கேட்கிறேன். மார்கழி, தை மாதங்களில் இங்கே காலை எட்டு மணிக்குமேல் பனி விலகியதும் வடக்கே சிறுமலை மடிப்பு மடிப்பாகத் தெரியும். தெற்கே நாகமலை நீண்டு கிடக்கும். நடுவே ஆறு, தென்னந்தோப்பு, அகத்தியில் ஏறிய வெற்றிலைக் கொடிக்கால், நெல். வெளியில் உட்கார்ந்து வரைகிறவனுக்கு வருஷத்தில் இதைவிட நல்ல வெளிச்சம் வாய்க்காது. சித்திரையில் அதே இடத்தில் எல்லாம் வெளுத்துப்போய், மலைகூடத் தட்டையாகிவிடும். பனிக்காலம் என்பது ஓவியனுக்கு முதலில் ஒரு வெளிச்சம், குளிர் அப்புறம்தான்.

நம் இலக்கணக்காரர்கள் இதை வேறு வழியில் யோசித்திருக்கிறார்கள். தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் கொடுக்கிறது. மருதத்துக்குப் பெரும்பொழுது எதையும் தனியாக ஒதுக்கவில்லை. வைகறை, விடியல் என்ற சிறுபொழுதோடு நிறுத்திக்கொள்கிறது. பிற்கால இலக்கணங்கள் ஆறு பருவங்களையும் மருதத்துக்கே கொடுத்து அந்த இடைவெளியை அடைத்தன. உழவு வருஷம் முழுக்க நடக்கிற வேலை, அதற்கு ஒரு 'சீசன்' கிடையாது என்ற புரிதல் இதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. வேலை நடக்கிற நிலத்தைக் காட்சியாக்குவது கஷ்டம். இதைப் பின்னால் வந்த வெள்ளைக்கார ஓவியர்களும் தங்கள் வழியில் நிரூபித்தார்கள்.

தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரன் மகன் வில்லியமும் 1786-ல் கல்கத்தா வந்தவர்கள். அங்கே நகரக் காட்சிகள் பன்னிரண்டைத் தாங்களே செப்புத் தகட்டில் செதுக்கி வெளியிட்டார்கள். ஓவியன், செதுக்குபவன், தகடு அடிக்கிற கன்னான், அச்சடிப்பவன் எல்லாம் தானே ஆக வேண்டியிருந்தது என்று தாமஸ் நண்பருக்கு அலுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். பிறகு வட இந்தியப் பயணம். அதன் பிறகு 1792-ல் தென்னாடு. திருச்சி, மதுரை, பாபநாசம், ராமேஸ்வரம், தஞ்சாவூர் என்று சுற்றி 1793 தொடக்கத்தில் சென்னை திரும்பினார்கள்.

புறப்பட்ட மாதத்தைக் கவனிக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் சுற்றுப்பயணம் போவது வழக்கமாகக் குளிர்பருவத்தில். டேனியல்கள் கிளம்பியதோ ஏப்ரல் மாதம், கொளுத்துகிற வெயிலில். காரணம், அதற்கு முந்தைய மாதம்தான் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம் கையெழுத்தானது. திப்புவிடமிருந்து பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனி கைக்கு வந்தன. தோல்வியின் ஈரம் காயாத கோட்டைகளின் வழியாகப் பென்சிலும் இருட்டுப் பெட்டியுமாக இரண்டு பேர் நடந்தார்கள். ('கேமரா அப்ஸ்க்யூரா' எனப்படும் இந்தப் பெட்டி எதிரே உள்ள காட்சியைத் தாள்மேல் விழவைக்கும், விழுந்த பிம்பத்தின் மேல் கோடு இழுத்துக்கொள்ளலாம்.) ஓவியனின் பருவத்தை இங்கே சூரியன் தீர்மானிக்கவில்லை.

1795 தொடங்கி 1808 வரை லண்டனில் அவர்கள் வெளியிட்ட 'ஓரியண்டல் சீனரி' தொகுதிகளில் மொத்தம் 144 அச்சுப் படங்கள். அதில் மதுரை என்றால் திருமலை நாயக்கர் அரண்மனை, புதுமண்டபம். இயற்கை என்றால் பாபநாசம் அருவி, களக்காட்டுப் பக்கமிருந்து குமரிமுனை மலைகள், திண்டுக்கல் சீமை ஆத்தூரின் அருகே ஒரு காட்சி. அதாவது இடிபாடு அல்லது மலை. அரண்மனைக்கும் ஆத்தூருக்கும் இடையே கிடக்கிற வைகைச் சமவெளி, வழியாக மட்டுமே இருந்திருக்கிறது. அங்கே நின்று பார்க்க ஒன்றும் இல்லை போல.

இதற்கு 'பிக்சரெஸ்க்' ரசனையைக் காரணம் காட்டுவது வழக்கம். சரிதான். ஆனால் தொழில்நுட்பத்தையும் பார்க்க வேண்டும் என்பேன். அவர்கள் கையாண்ட முறை 'அக்வாடின்ட்'. செப்புத் தகட்டின் மேல் குங்கிலியம் போன்ற பிசினைப் பொடியாகத் தூவி, சூடாக்கி ஒட்டவைப்பார்கள். தகட்டை அமிலத்தில் போட்டால் துகள்களுக்கு நடுவே உள்ள செம்பை மட்டும் அமிலம் அரிக்கும். வெளுப்பாக இருக்க வேண்டிய இடத்தை வார்னிஷ் பூசி மூடிவிட்டு மறுபடி அமிலம். மறுபடி மூடல், மறுபடி அமிலம். அதிக நேரம் கிடந்த இடம் ஆழமாகி, மையை நிறையப் பிடித்துக்கொண்டு கறுப்பாக விழும். அச்சானதும் கையால் வண்ணம் தீட்டுவார்கள். இந்த முறைக்குக் கோடு இரண்டாம்பட்சம்; சாயைதான் உயிர். மூடுபனி, மேகம், தூரத்து மலை, அருவியின் புகை எல்லாம் இதில் அற்புதமாக வரும். சமவெளிக்கோ சாயை கிடையாது, அது கோடுகளால் ஆனது. வரப்பு ஒரு கோடு. வாய்க்கால் ஒரு கோடு. யாருடைய நிலம் எங்கே முடிகிறது என்று சொல்லும் கோடுகள் இவை. அக்வாடின்ட் படத்தில் இது மங்கிப்போகும். சொத்தும் கூலியும் மங்கிப்போன ஒரு பசுமை மிஞ்சும்.

இன்னொன்றும் உண்டு. ஆத்தூர்ப் படத்தின் பென்சில் வரைவு 1792-ல். அச்சு 1804-ல். நடுவே பன்னிரண்டு வருஷம். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர். விருப்பாட்சி கோபால நாயக்கரும் மருது சகோதரர்களும் 1801-ல் தூக்கிலேறினார்கள். அதே வருஷம் கர்நாடக நவாபின் நாடு முழுக்கக் கம்பெனிக்குப் போயிற்று. லண்டனில், பனி கொட்டும் மாதங்களில் கணப்பருகே உட்கார்ந்து ஆத்தூர் மலையைப் புரட்டிப் பார்த்தவருக்கு இதில் எதுவும் தெரிய வழியில்லை. மலை அமைதியாக இருந்தது. வெளியில் உட்கார்ந்து வரைவதற்கும் உள்ளே உட்கார்ந்து அச்சடிப்பதற்கும் இடையே உள்ள தூரத்தில்தான் அதிகாரம் தன் வேலையைச் செய்துகொள்கிறது.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்று நாம் பார்க்கிற சமவெளி டேனியல்கள் கடந்துபோன சமவெளி இல்லை. 1895-ல் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து, பேரணையில் கால்வாயாகத் திரும்பிய பிறகு உண்டான பச்சை இது. அதற்கு முன் கண்மாயும் பழைய ஆற்றுக்கால்களும் எட்டிய தூரம்தான் நெல். மருதம் நிரந்தரமானது என்று பாடப்புத்தகம் சொல்வதை நம்பி நாமும் இந்தப் பச்சையைச் சங்ககாலம் வரை நீட்டிவிடுகிறோம்.

சரியான குளிர்பருவத்தில் வந்தவர் லின்னேயஸ் டிரைப். ராணுவ கேப்டன், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1857 டிசம்பரில் கிளம்பியவர் 1858-ன் முதல் மாதங்களில் மதுரையில் படம் எடுத்தார். சிப்பாய்க் கலகம் வடக்கே இன்னும் அடங்காத நேரம். யானைமலை, தெப்பக்குளம், வைகையும் அதைக் கடந்து மதுரைக்குப் போகும் தரைப்பாலமும் அவர் தொகுப்பில் உண்டு. மெழுகுத்தாள் நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாக விழும் என்பதால் டிரைப் பல நெகட்டிவ்களில் மேகங்களைத் தூரிகையால் போட்டார். புகைப்படம் நிஜத்தை அப்படியே காட்டும் என்று நம்பப்பட்ட காலத்தில், மதுரையின் தெளிந்த பனிக்கால வானம் இங்கிலாந்துக்காரருக்குப் போதவில்லை. 1859-ல் வீண்செலவு என்று சொல்லி கவர்னர் டிரெவெல்யன் அவருடைய வேலையை நிறுத்தினார்.

அரசுக்கு அதன் பிறகு தேவைப்பட்டது வேறு வகை அச்சு. நாகமலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிறமலைக் கள்ளர்கள் மீது 1914 தொடங்கிக் குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'. பத்து விரலிலும் மை தடவித் தாளில் உருட்டி எடுத்தார்கள். ஆண்கள் இரவில் சொந்த வீட்டில் படுக்க முடியாமல், மார்கழிப் பனியிலும் சாவடியிலோ போலீஸ் நிலைய வாசலிலோ கிடந்தார்கள். வெளியூர் போக 'ராத்திரிச் சீட்டு'. 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த கூட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடு. 16 பேர் செத்தார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். அச்சுக்கலையின் வரலாற்றில் இதைச் சேர்ப்பது அதிகப்படி என்று சிலர் நினைக்கலாம். மதுரைச் சீமையில் மனித உடம்பிலிருந்து நேரடியாகவும், இவ்வளவு முறையாகவும் எடுக்கப்பட்ட அச்சு வேறு ஏது? மலையை வரைந்த கைக்கு அங்கே குடியிருந்தவன் தெரியவில்லை. அவனைத் தேடிய கைக்கு ரேகை மட்டும் போதுமாக இருந்தது.

நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? டிசம்பர் மாதம் இந்தப் பக்கத்தில் அச்சு என்றால் சிவகாசிக் காலண்டர்தான். கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய முருகனுக்கும் லட்சுமிக்கும் பின்னால் ஒரு மலை, ஓர் ஆறு, கொஞ்சம் மரம் இருக்கும். நாடகப் படுதாவிலிருந்து வந்த நிலம் அது. எந்த ஊரும் இல்லை, எந்த ஊராகவும் இருக்கலாம். நம் வீட்டுச் சுவர்களில் ஆணியடித்து மாட்டப்பட்ட 'நிலக்காட்சி' பெரும்பாலும் சாமியின் முதுகுப்புறமாகத்தான் இருந்திருக்கிறது. அப்புறம் சாமியும் போய், டீக்கடைகளில் ஸ்விட்சர்லாந்துப் பனிமலை வந்து உட்கார்ந்தது. ஊரில் பனி என்றால் புல்நுனியில் நிற்கிற ஈரம். காலண்டரில் பனி என்றால் ஆள் உயரத்துக்கு வெள்ளை.

கோடு திரும்பி வந்தது சிறுபத்திரிகை வழியாக. கையில் காசில்லாத பத்திரிகைக்குத் துத்தநாகத் தகட்டில் எடுத்த கோட்டு பிளாக்தான் கட்டும். சாயைப் படம் போட ஆர்ட் பேப்பர் வேண்டும். 'கசடதபற' காலத்திலிருந்து ஆதிமூலத்தின் பேனாக்கோடு நமக்குப் பழகிப்போனதில் இந்த வறுமைக்கும் பங்குண்டு. பின்னால் கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஆதிமூலம் வரைந்தபோது கரிசல் மண் தனக்கான கோட்டைக் கண்டெடுத்தது. வைகைக் கரை மருதத்துக்கு அப்படி ஒரு எழுத்தும் கோடும் சேர்ந்து அமையவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அதற்குப் பக்கத்தில் வந்தவராக மனோகர் தேவதாஸைத்தான் சொல்வேன். 1936-ல் பிறந்த மதுரைக்காரர். அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, சென்னையில் பேட்டரிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஓவிய இயக்கம் எதிலும் அவர் பெயர் அடிபடாது. நம் விமர்சகர்கள் அவரை 'இல்லஸ்ட்ரேட்டர்' என்று தாண்டிப் போய்விடுவார்கள். 2007-ல் வந்த அவருடைய மதுரைப் புத்தகத்தில் கோபுரம் உண்டு, தெப்பக்குளம் உண்டு. டேனியல் பார்த்ததையெல்லாம் அவரும் பார்த்திருக்கிறார். கூடவே யானைமலையையும் அதன் அடிவாரத்து வயலையும் வரைந்திருக்கிறார். இந்தியன் இங்க், மெல்லிய நிப், சாயையே இல்லை. இருட்டைக்கூடக் கோட்டின்மேல் கோடு போட்டுத்தான் கொண்டுவருகிறார். ஒரு விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவருடைய மனைவி மஹேமா படங்களுக்குக் குறிப்பெழுத, ஆண்டுதோறும் அவை வாழ்த்து அட்டைகளாக அச்சாயின. வருமானம் தர்ம காரியங்களுக்குப் போயிற்று. கிறிஸ்துமஸ், புத்தாண்டுத் தபாலில் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிப்போன மதுரை அது.

அவருக்கு விழித்திரை நோய். பார்வை வருஷத்துக்கு வருஷம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி ஆகியது. வெளியில் நின்று ஒரு மலையை மொத்தமாகச் சட்டகத்தில் அடைக்கிற கண் அவரிடம் இல்லை. பிரகாசமான விளக்கின் கீழே, கனத்த லென்ஸை வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் தாளின் சின்னப் பகுதி மட்டுமே தெரிய, அடுத்தடுத்துக் கோடு போட்டார். 2022 டிசம்பரில் இறந்தார்.