மலையகத்து வல்லாரை: பூவைக் கொண்டு அடையாளம் காணல்

வல்லாரை ஈரநிலங்களில் தரையோடு படர்ந்து வளரும் உணவுச்செடி. தாவரவியற் பெயர் சென்டெல்லா ஏசியாட்டிக்கா. கொத்தமல்லி, சீரகம், காரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1753இல் லின்னேயசு இதை ஹைட்ரோகோட்டில் பேரினத்தில் வைத்தார். 1879இல் தாவரவியலாளர் ஊர்பான் சென்டெல்லாவுக்கு மாற்றினார். அந்தப் பழைய பேரினமான ஹைட்ரோகோட்டில் செடிகளோடுதான் இன்றும் பறிப்பவர்கள் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, நுவரெலியா தோட்டங்களில் கான் (வடிகால்) ஓரம், பீலியடி, ஓடைக்கரை, சதுப்பான புல்வெளி என நீர் கசியும் இடமெல்லாம் இது தானாக முளைக்கிறது. காட்டில் வளர்வதன் இலை சிறியது. சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் பயிர்வகையைவிடக் கசப்பும் மணமும் கூடியது.

இலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது போதாது. வல்லாரை இலை சிறுநீரக வடிவானது. விளிம்பில் மழுங்கிய பற்கள் இருக்கும். காம்பு அடிப்பிளவில் சேரும். தொட்டிகளிலும் குளங்களிலும் அழகுக்கு வளர்க்கும் சில ஹைட்ரோகோட்டில் வகைகளில் காம்பு வட்ட இலையின் நடுவில் குடைபோல் பொருந்தியிருப்பதால் அவற்றை எளிதில் விலக்கிவிடலாம். சிக்கல் தருவது மலைக்காட்டு ஓரங்களில் வளரும் ஹைட்ரோகோட்டில் ஜாவானிக்கா. அதன் காம்பும் பிளவில்தான் சேர்கிறது. ஆனால் இலை ஆழமின்றிப் பல மடல்களாகப் பிரிந்திருக்கும்.

ஐயம் தீர இலைகளை ஒதுக்கிவிட்டு அடியில் பூவைத் தேட வேண்டும். வல்லாரையின் பூக்காம்பு இலைக்காம்பைவிடக் குட்டையானது. நின்றபடி பார்த்தால் பூ தெரியாது. ஒரு கொத்தில் பெரும்பாலும் மூன்றே பூக்கள், சில வேளை இரண்டு முதல் ஐந்து வரை. ஒவ்வொன்றிலும் வெளிர் சிவப்பு அல்லது ஊதா சாயலுள்ள ஐந்து இதழ்கள். கொத்தின் அடியில் இரண்டு சிறு பூவடிச் செதில்கள் இருக்கும். காய் தட்டையானது, அதன் மேல் வலைபோன்ற வரிகள் ஓடும். ஜாவானிக்காவிலோ பச்சை கலந்த வெண்பூக்கள் உருண்டையாக நெருங்கிப் பூக்கும். பூக்கும்வரை காத்திருந்து ஒரு திட்டை உறுதிசெய்துகொண்டால் பிறகு அதே திட்டில் ஆண்டு முழுவதும் நம்பிப் பறிக்கலாம்.

செடி சரியாக இருந்தாலும் இடம் தவறாக இருக்கலாம். தோட்டங்களைப் பொறுத்தவரை இதுவே பெரிய ஆபத்து. இலங்கையில் 2015இல் தடைசெய்யப்பட்ட கிளைபொசேட் களைநாசினி, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அது இலைவழியே செடியின் உள்ளே பரவும் மருந்து, கழுவினால் போகாது. ஆகவே மருந்தடித்த மலையின் கீழுள்ள கானில் பறிக்கக் கூடாது. லயத்துக் கழிவுநீரும் மாட்டுத்தொழுவ நீரும் சேரும் இடங்களையும் தவிர்க்க வேண்டும். வல்லாரையைப் பெரும்பாலும் பச்சையாகவே உண்பதால் நீரிலுள்ள கிருமி நேரே வயிற்றுக்குப் போகும்.

பொடியாக அரிந்த இலையோடு தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, தேசிக்காய்ச்சாறு சேர்த்தால் சம்பல். விரும்பினால் மாசித்தூளும் போடலாம். சாறெடுத்து அரிசிக்கஞ்சியில் கலந்தால் காலைக்கான இலைக்கஞ்சி. வல்லாரைச் சாற்றிலுள்ள ஏசியாட்டிக்கோசைடு காயம் ஆற்றும் பூச்சுமருந்துகளில் பயன்படுகிறது. செறிவூட்டிய மாத்திரைகளாகத் தொடர்ந்து உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியுள்ளது. சம்பலுக்குச் சேர்க்கும் அளவு வேறு.

நல்ல நீர்க்கரை அருகில் இல்லாதவர்கள், வேர்விட்ட கணுவோடு ஓடுதண்டைக் கிள்ளி வந்து வீட்டுத்தோட்டத்தின் நிழலான ஈரமண்ணில் நட்டால் அது தானே படரும்.