வாரிசுகளை அடைத்து வைத்த மன்னர்



வங்கியில் இருந்தவரை, வாரிசுச் சான்றிதழுக்காக அலைந்தவர்களை நிறையப் பார்த்தவன் நான். அதனாலோ என்னவோ, வேல்ஸ் நாட்டின் குவினெத் அரச குடும்பத்தைப் பற்றிப் படித்தபோது மனது கனத்துப் போனது. நீங்களும் கேளுங்கள்.

1282 டிசம்பர் 11 அன்று இளவரசர் லிவெலின் ஆங்கிலேயப் படையினரால் கொல்லப்பட்டார். அந்த ஜூனில்தான் அவர் மனைவி எலினோர் பிரசவத்தில் இறந்திருந்தார். மிஞ்சியது கைக்குழந்தை குவென்லியன். லிவெலினின் தம்பி தாவித் 1283-இல் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் குழந்தைகளைக் கொல்லவில்லை. அவர்களுக்கு வாரிசு பிறக்காமல் பார்த்துக்கொண்டார். குவென்லியனை இங்கிலாந்தில் செம்பிரிங்ஹாம் கன்னிமாடத்தில் சேர்த்தார். தாவிதின் இரு மகன்களையும் பிரிஸ்டல் கோட்டையில் அடைத்தார். மூத்தவன் 1287-இல் இறந்தான். இளையவர் ஒவைனை இரவில் மரக்கூண்டில் பூட்டிவைக்க 1305-இல் உத்தரவு போட்டார்.

குவென்லியன் 1337-இல், 54 வயதில், கன்னிமாடத்திலேயே இறந்தார்.

இன்னொரு தம்பி ரோத்ரி, 1272-லேயே பணத்துக்குத் தன் உரிமையை விட்டுக்கொடுத்தவர். நம் பாஷையில் விடுதலைப் பத்திரம்! ஆனால் அவருடைய பேரன், இவர் பெயரும் ஒவைன்தான், பிரான்சுப் படையில் சேர்ந்து வேல்ஸ் தனக்கே என்றார். 1378-இல் ஆங்கிலேயர் அனுப்பிய ஆள் அவரைக் கொன்றான். ஆண்வழி அத்தோடு முடிந்தது.

2009-இல் வேல்ஸில் ஒரு மலைச்சிகரத்துக்குக் குவென்லியனின் பெயரை வைத்தார்கள். சொத்து போனாலும் பெயர் நின்றுவிட்டது. பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது இந்தப் பெண்ணையும் சொல்லுங்கள்.