நெய்வேலி மின்சாரமும் இருளர் குடியிருப்புகளும்: மின் பாதுகாப்பின்மை குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மின்சாரம் விளையும் நிலத்தை அடுத்து வாழ்வோர்க்கு மின்சாரம் உறுதியாகக் கிடைப்பதில்லை. இம்முரணை நெய்வேலியின் வரலாற்றையும் கடலூர் மாவட்ட இருளர் வாழ்வையும் இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இணைப்பின்மை, அளவுக் கட்டுப்பாடு, முன்பணம் தீர்ந்தவுடன் நேரும் துண்டிப்பு என மின் பாதுகாப்பின்மை மூன்று வடிவங்கள் கொள்வதை இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நெய்வேலி, பழுப்பு நிலக்கரி, இருளர், குடிசை மின் இணைப்பு, முன்கட்டண மின்மானி.

முன்னுரை

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோற்றம் பெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு முதற்சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் உதவியுடன் எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்னாக்கத்தைத் தொடங்கி, 1970இல் 600 மெகாவாட் திறனை எட்டி, 2020இல் மூடப்பட்டது. நிலக்கரி வளம் குன்றிய சென்னை மாநிலத்தின் தொழில் வளர்ச்சிக்கு இம்மின்சாரம் பெருந்துணையாயிற்று. அதன் பயன் யார் யாருக்கு எவ்வாறு சேர்ந்தது என்பது தனியே ஆராயத்தக்கது.

நிலமும் இணைப்பும்

நெய்வேலியில் நிலக்கரியை அடைய மேல்மண்ணை அகற்ற வேண்டும். அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைக்கவும் வேண்டும். சுரங்கத்திற்காக ஊர்கள் இடம்பெயர்ந்தன. எண்ணிட்ட வட்டங்களாக வகுக்கப்பட்ட நகரியம் எழுந்தது. நிலம் கையகப்படுத்தப்படுகையில் பட்டா உடையோர் இழப்பீடு கோர முடிந்தது. பட்டா இல்லாதோர்க்கு அவ்வாய்ப்பு மிகக் குறுகியது.

இருளர் பலர் இந்த இரண்டாம் வகையினர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் ஏறத்தாழ 1.9 இலட்சம் பேராக உள்ள இவர்கள், குறிப்பாக நலிவுற்ற பழங்குடிக் குழுக்களுள் வைக்கப்பட்டவர்கள். வடதமிழகச் சமவெளியில் ஏரிக்கரை, புறம்போக்கு, செங்கற்சூளை ஓரங்களில் இவர்களது குடில்கள் மிகுதி. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளரே அன்றிக் குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் மின்சாரம் வழங்குதல் கடமை என்கிறது. நடைமுறையிலோ விண்ணப்பத்துடன் குடியிருப்புச் சான்று வேண்டப்படுகிறது. ஆகவே பட்டாவும் சாதிச் சான்றும் பெற இயலாத குடும்பத்திற்கு மின்கம்பம் அருகிருந்தும் இணைப்பு எட்டாததாகிறது. இது பாதுகாப்பின்மையின் முதல் வடிவம்.

ஒரு விளக்கின் எல்லை

இரண்டாம் வடிவம் நலத்திட்டத்திற்குள்ளேயே உள்ளது. தமிழகக் குடிசை மின் இணைப்பு கட்டணமின்றி வழங்கப்பட்டது பெருஞ்சாதனை. எனினும் அது 40 வாட்டுக்கு மிகாத ஒரு விளக்கையே முதலில் கருதியது. அரசு இலவசத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கிய பின்னரே அதற்கும் இடமளிக்கப்பட்டது. கோடையில் மின்விசிறி ஆடம்பரமன்று. குழந்தைக்கும் முதியவர்க்கும் அது உடல்நலத் தேவை. 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு 100 அலகுகள் கட்டணமின்றி வழங்கப்படுவது இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்தது. ஆயினும் இணைப்பு உடையோரே அதன் பயனாளர்.

முன்கட்டணமும் அறிவிப்புரிமையும்

மூன்றாம் வடிவம் இனி வரக்கூடியது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை விதிகள், புதிய இணைப்புகளுக்கு முன்கட்டண மின்மானியைப் பொதுவிதியாக்கின. 2021இல் தொடங்கிய ஒன்றிய அரசின் பகிர்மானச் சீரமைப்புத் திட்டமும் இதனை ஊக்குவித்தது. முன்கட்டணத்தில் நன்மையும் உண்டு: சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி வைப்புத்தொகை கோர இயலாது. ஆனால் 56ஆம் பிரிவு, நிலுவைக்காக இணைப்பைத் துண்டிக்குமுன் 15 நாள் எழுத்துவழி அறிவிப்பை வேண்டுகிறது. முன்பணம் தீர்ந்தால் மின்மானியே இணைப்பை நிறுத்தும் முறையில் இக்காப்பு பொருளிழக்கும். கூலி கிடைக்காத மழைநாளே விளக்கணையும் நாளாகவும் அமையும்.

ஆஸ்திரேலியாவின் வடநிலப் பகுதியில் இது கண்கூடு. அங்கு 28 தொலைதூரத் தொல்குடிச் சமூகங்களின் ஏறத்தாழ 3,300 முன்கட்டண வீடுகளில், 2018-19ஆம் ஆண்டில் 91 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் துண்டிப்புக்கு ஆளாயினர் என 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. வெப்பமும் குளிரும் கடுமையான நாட்களில் துண்டிப்பு பெருகியது. மின்சாரம் மிகத் தேவைப்படும் நாளிலேயே அது நின்றது. இத்துண்டிப்புகளை நுகர்வோரின் விருப்பமாகக் கருதினால், வறுமை கணக்கில் வராமல் மறைந்துவிடும்.

முடிவுரை

நெய்வேலியின் வரலாறு, உற்பத்தி மிகுதி மட்டுமே பாதுகாப்பைத் தருவதில்லை என்பதை உணர்த்துகிறது. நிலவுரிமைச் சான்று, இணைப்பின் அளவு, கட்டணமுறை ஆகிய மூன்றும் அப்பாதுகாப்பைத் தீர்மானிக்கின்றன. இருளர் குடியிருப்புகளுக்கு முன்கட்டண முறை செல்லுமாயின், கட்டணமில்லா அலகுகள் தானே வரவு வைக்கப்படுதலும், கோடையிலும் இரவிலும் துண்டிப்புத் தடையும், துண்டிப்புகளின் பொதுப்பதிவும் அதற்கு முன்நிபந்தனைகளாதல் வேண்டும். இன்றேல் முன்பு சான்றின்மையால் மூடப்பட்ட கதவு, இனி முன்பணமின்மையால் மூடப்படும்.