ஓமக்குளத்துப் பள்ளிக்கூடம்

பாகாலாச் சந்திப்பு நம்மவர்க்கு வெறும் இருப்புப்பாதை நிலையம் அன்று. காட்பாடியிலிருந்து வரும் பாதை இங்கேதான் திருப்பதிக்கும் தர்மாவரத்துக்குமாகப் பிரிகின்றது. பிழைப்பை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆந்திர மண்ணில் முதலடி வைத்த வாயிலும் இதுவே. 1890ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் விழுப்புரத்திலிருந்து புறப்பட்ட மீட்டர் பாதை, திருவண்ணாமலை, ஆரணி ரோடு, காட்பாடி ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு பாகாலா வந்து, அப்பால் தர்மாவரம் சென்றது. மாவட்ட எல்லைகளும் அன்று வேறு. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை ஆரணியும் பாகாலாவும் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்துள் அடங்கியிருந்தன.

அந்த ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில், 1890ஆம் ஆண்டு, ஓர் ஏழைக் குடும்பத்தில் முனுசாமி என்னும் சிறுவன் பிறந்தான். பிற்காலத்தில் சுவாமி சகஜானந்தர் எனத் தமிழகம் போற்றிய கல்வித் தொண்டர் அவரே. நம் வாயிற்படிக்கு இத்துணை அருகில் பிறந்த அப்பெரியாரை நம் பிள்ளைகள் அறியாதிருப்பது முறையாகாது.

தீண்டாமைக்கு ஆளான குலத்தில் பிறந்த முனுசாமி, திண்டிவனத்தில் கிறித்தவ சபையார் நடத்திய பள்ளியில் பயின்றார். வறுமை அவர் குடும்பத்தைக் கோலார் தங்கவயலுக்குத் துரத்தியது. அவரும் அங்கே சென்றார். சொந்த மண்ணை விட்டு அயல்மொழி வழங்கும் நாட்டில் பிழைக்கச் சென்ற தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை அவர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளை அடைந்து, சைவ நூல்களையும் வடமொழியையும் கற்றுத் துறவு மேற்கொண்டார். சகஜானந்தர் என்னும் பெயர் அப்போது வாய்த்தது.

அக்காலத்தில் தாழ்த்தப்பட்டோர் கல்விக்குச் சட்டமே இல்லை எனச் சொல்லிவிட முடியாது. 1893இலேயே சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கென ஆணை பிறப்பித்திருந்தது. ஆயினும் ஆணை காகிதத்தில் இருந்தது. பள்ளிக்கூடமோ ஊருக்குள் இருந்தது. சேரிப் பிள்ளை நடக்கக் கூடாத தெருவில் பள்ளி இருக்குமானால், அதன் கதவு திறந்திருந்தும் பயன் என்ன? உள்ளே நுழைந்தாலும் திண்ணையில் தனியே அமர வேண்டும். தண்ணீர்ப் பானையைத் தொடுதல் ஆகாது. எழுத்தறிவதற்கு முன்னரே இழிவை அறியும்படி அப்பிள்ளைக்குக் கற்பிக்கப்பட்டது.

இதனைத் தம் வாழ்விலேயே உணர்ந்த சகஜானந்தர் சிதம்பரம் சென்று, ஓமக்குளத்தில் தங்கி, 1916இல் நந்தனார் பெயரால் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஓமக்குளம் நந்தனார் வரலாற்றோடு பிணைத்துப் பேசப்படும் இடம். கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் பெயரையே பள்ளி வாயிலுக்குச் சூட்டியதில் ஆழ்ந்த பொருள் உண்டு. வெளியே நின்றவன் இரங்கத்தக்கவன் அல்லன், வணங்கத்தக்கவன் என்பதை ஒவ்வொரு நாளும் பள்ளிக்குள் நுழையும் குழந்தை அப்பெயராலேயே கற்றுக்கொண்டது.

கற்பித்தல் மட்டும் போதாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது. தொலைவூர்ப் பிள்ளைக்குத் தங்க இடமின்றிப் படிப்பில்லை. ஆகவே பள்ளியோடு விடுதியும் வளர்ந்தது. 1926 முதல் சென்னைச் சட்டசபையில் இடம்பெற்றுத் தம் மக்களுக்காகக் குரல் கொடுத்தார். விடுதலைக்குப் பின் 1952, 1957 ஆகிய இரு பொதுத் தேர்தல்களிலும் சிதம்பரத்திலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1959 மே முதல் நாள் மறைந்தார். நந்தனார் பெயரால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அரசு மேல்நிலைப்பள்ளிகள் இன்றும் சிதம்பரத்தில் நடைபெறுகின்றன.

இவர் வாழ்ந்த காலத்தில் கடல்கடந்து அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்களும் இதே போராட்டத்தில் இருந்தனர். அவர்களுள் ஒருவர் பெஞ்சமின் மேஸ். அடிமைகளாகப் பிறந்த பெற்றோருக்கு 1894இல் மகனாகத் தோன்றி, சிக்காகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1937இன் தொடக்கத்தில், கிறித்தவ இளைஞர் சங்கத்தின் உலக மாநாட்டுக்காக அவர் மைசூர் வந்தார். அப்போது தீண்டப்படாத பிள்ளைகள் பயிலும் பள்ளி ஒன்றில், தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டப்படாதவர் என்றே அறிமுகம் செய்தார். மேஸ் முதலில் திகைத்தார், சினமும் கொண்டார். பின்னர் எண்ணிப் பார்க்கையில், தம் நாட்டில் தாம் நடத்தப்படும் முறைக்கு அச்சொல் பொருந்துவதை ஒப்புக்கொண்டார். 1940 முதல் 1967 வரை மோர்ஹவுஸ் கல்லூரியின் தலைவராக இருந்து, மார்ட்டின் லூதர் கிங் உள்ளிட்ட மாணவர் பரம்பரையை உருவாக்கினார். முதுமையிலும் ஓயாமல் அட்லாண்டா நகரக் கல்விக்குழுவுக்குத் தலைமை ஏற்றார்.

ஓமக்குளத்துத் துறவியும் மோர்ஹவுஸ் தலைவரும் ஒருவரை ஒருவர் சந்தித்ததாகச் செய்தி இல்லை. ஆயினும் இருவரும் கண்ட உண்மை ஒன்றே. கல்வியில் சமன்மை என்பது எல்லோர்க்கும் ஒரே பாடநூலை நீட்டுவது அன்று. நீட்டிய நூலை வாங்கும் கை நாணாமலும் நடுங்காமலும் இருக்கும்படி செய்வது. அவமானத்தைத் தாமே சுமந்த ஆசிரியர்கள் இதனை எளிதில் உணர்ந்தார்கள். சுமக்காதவர்களும் உணரலாம் என்பதற்கு நம் சித்தூரே சான்று. சித்தூர்க் கட்டமஞ்சியில் 1880இல் பிறந்த இராமலிங்க ரெட்டியார், உயர்குடியினராயினும், மைசூர் சமஸ்தானக் கல்வித்துறைக்குத் தலைமை தாங்கிய நாளில், பஞ்சமப் பிள்ளைகளுக்கும் பொதுப்பள்ளியில் இடம் வேண்டும் என்று எதிர்ப்புக்கிடையே உறுதியாக நின்றார்.

தெலுங்கு வழங்கும் வகுப்பறையில், சொல்வது விளங்காமல் விழித்த நாள் நம்மில் பலருக்கு உண்டு. அத்துன்பத்தைத் தீண்டாமைக் கொடுமையோடு ஒப்பிடல் தகாது. எனினும் அது நம் நெஞ்சைச் சிறிதேனும் திறக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும் என்று கேட்கிறோம், கேட்பது நியாயமே. ஆனால் நாமே ஒரு தமிழ் வகுப்பு நடத்தும்போது, எந்தத் தெருப் பிள்ளைகள் அதில் வந்து அமர்கிறார்கள்? கூலி வேலைக்குச் செல்லும் தாய் தன் மகளை அனுப்பத்தக்க நேரத்தில் அது நடக்கின்றதா? வந்த பிள்ளை எந்தப் பாயிலும் கூச்சமின்றி உட்கார்கின்றதா?

சகஜானந்தருக்கு மாலை சூட்டுவது எளிது. வராத பிள்ளையின் வீட்டைத் தேடிச் சென்று அழைத்து வருவதே அவருக்கு நாம் செய்யும் உண்மையான வழிபாடு.