தொடக்கத்தின் தர்மம்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களிலே, திரௌபதி அம்மன் உற்சவத்தை ஒட்டிப் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாக ஜனங்கள் கதையில் திளைத்திருந்த மரபில், மத்தளமும் முகவீணையும் முழங்கக் கட்டியங்காரன் களரியில் தோன்றி, வரப்போகும் பாத்திரம் இன்னார் என்று சபைக்கு அறிவித்த பின்னரே வேஷக்காரர் திரையை விலக்கிப் பிரவேசிப்பார்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பின், கதை கேட்கும் அவ்வழக்கம் மெல்ல வீட்டுக் கூடத்துக்குக் குடிபெயர்ந்தது. தொண்ணூறுகளில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ தொலைக்காட்சித் தொடர், காவல் தெய்வத்தின் பயத்தையும் குற்றத்தின் மர்மத்தையும் ஒருங்கே பிணைத்து, கிராமத்து மனத்தை வாரந்தோறும் கட்டிப்போட்டது.

அந்தப் பரம்பரையில், 2022இல் புஷ்கர்–காயத்ரி படைத்த ‘சுழல்’ இணையத் தொடர், நம் பக்கத்து அங்காளம்மன் கோயில்களுக்கு உரிய மயானக் கொள்ளையைக் குற்றக் கதையின் களமாக்கியபோது நாம் பூரித்தோம். ஆகவே, 2025 பிப்ரவரி 28 அன்று வெளியான இரண்டாம் பருவத்தின் முதல் அத்தியாயம், வக்கீல் செல்லப்பாவின் மரணத்தைக் காட்டியும், அவர் எத்தகைய மனிதர் என்பதை நம் நெஞ்சில் ஊன்றுமுன் புதிருக்கு விரைந்தது எனக்குப் பெரும் ஏமாற்றமே.

இறந்தவரை அறியாதவனுக்குக் கொலையாளியை அறியும் தாகம் எவ்வாறு பிறக்கும்? பாத்திரத்தை முதலில் சபைக்கு அறிமுகம் செய்வதே கூத்தாசிரியர்கள் காத்த நியதி; இன்றைய தொடர்களும் அதைப் போற்றிக் கற்க வேண்டும்.